வேண்டாம் என்று சொல்லக் கற்றவர்

அக்கா எங்கள் மையத்தில் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ள பெரியவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் இடம் அது. பல் துலக்குவது, பொத்தான் போடுவது, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது, தெருவைப் பார்த்துக் கடப்பது, இவைதான் பாடம். மற்றவர்கள் ஒரு வாரத்தில் பழகுவதற்கு எங்கள் ஆட்களுக்கு ஒரு வருடம் பிடிக்கும். நான் அடுத்த அறையில் பாடம் எடுப்பவள். நடந்ததில் பாதி என் கண்ணெதிரே நடந்தது. மீதி அக்கா சொன்னது.

அவர் வகுப்பில் ஒருவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். வயது முப்பத்தேழு. வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லா மேசையையும் ஒரு சுற்றுப் பார்வையிடுவார். யாருடைய டிபன் பாக்ஸ் மூடியாவது சரியாக மூடாமல் இருந்தால் அழுத்தி மூடிவிட்டுத்தான் உட்காருவார். வாயில் ஒரே வார்த்தை, "சரி." சாப்பிடலாமா என்றாலும் சரி, உதைக்கட்டுமா என்றாலும் சரி. நாங்களும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

ஒரு நாள் தரை துடைக்க வந்த புதுப் பெண், சோப்புக் கரைசலை ஒரு டம்ளரில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். வகுப்பில் யாரோ அதை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்கள். அவர் "சரி" என்று வாங்கி முழுவதையும் குடித்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் கொட்டியது, ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து பிழைத்து வந்தார்.

அன்றிலிருந்து அக்கா எடுத்த பாடம்தான் "வேண்டாம்". இரண்டு டம்ளர்கள் வைப்பார். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். உப்பு நாக்கில் பட்டதும் அவருடைய உள்ளங்கையைப் பிடித்து டம்ளரைத் தள்ள வைத்து, "வேணாம்" என்று அவருக்காகச் சொல்வார். ஒரு வருடம் முழுக்கக் கையைப் பிடித்து. அடுத்த வருடம் முழங்கையை மட்டும் தொட்டு. பிறகு தொடாமல், கண்ணால் மட்டும்.

இன்ஸ்பெக்டரின் அம்மா கிண்டல்காரி. "பையன்கிட்ட இருக்கிறதே ஒரு வார்த்தை டீச்சர். அதுவும் நல்ல வார்த்தை. அதுக்கும் வேட்டு வைக்கிறீங்களே!" என்பார்.

மூன்றாம் வருடம், தன் பிறந்தநாளைக் கொண்டாட ஒரு பெரிய மனிதர் கேக்கும் கேமராக்காரருமாக மையத்துக்கு வந்தார். இன்ஸ்பெக்டரின் வாயருகே ஒரு துண்டைக் கொண்டுபோனார். இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளங்கையை நீட்டி, கேக்கைத் தள்ளி, தெளிவாகச் சொன்னார்: "வேணாம்."

வந்தவர் முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் பொறுப்பாளர் வழிந்துகொண்டே ஏதோ சமாதானம் சொன்னார். அக்கா பொருள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய்ப் பார்த்தபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அவர் சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு இரண்டு மாதம் எல்லாவற்றுக்கும் வேணாம்தான். அம்மா புகார் சொல்ல வந்தார். "குளிக்க வேணாமாம், சட்டை மாத்த வேணாமாம். வீட்டுல இப்ப ராஜா அவன்தான்." சொல்லிவிட்டுப் போக எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார். "முப்பத்தேழு... இல்ல, நாப்பது வருஷமா தினம் பால் குடுத்தேன் டீச்சர். நேத்துத் தள்ளிட்டான். அவனுக்குப் பாலே பிடிக்காதுன்னு எனக்கு நேத்துதான் தெரியும்."

அடுத்த வருடம் அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு தம்பி. லாரி ஓட்டுபவர். இரண்டு சின்ன அறை, மனைவி, மூன்று பிள்ளைகள். மாதத்தில் இருபது நாள் வண்டியிலேயே போய்விடும். நாலு மாதம் பார்த்தார். பிறகு ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் அண்ணனைச் சேர்த்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னார். "திட்டாதீங்க டீச்சர். எனக்கு வேற வழி தெரியல." அக்கா திட்டவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா பார்க்கப் போனார். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள். இன்ஸ்பெக்டர் மூன்றாவது கட்டிலில் கிடந்தார். முகம் ஊதியிருந்தது. வாயோரம் எச்சில். ஒரு மணிக்கட்டைக் கிழிந்த துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

வார்டன் நடுவயதுக்காரர், களைத்த முகம். "இவன்தான் சொன்னதைக் கேக்கவே மாட்டேங்கிறானே. இங்க அறுபது பேரும்மா. பாத்துக்க நாங்க நாலே பேர். விடியக்காலம் வரிசையா நிக்க வச்சுத் தண்ணி ஊத்துவோம். இவன் கையை நீட்டி வேணாம்கிறான். சாப்பாட்டுக்கு வேணாம், மாத்திரைக்கு வேணாம். ஒருத்தன் நின்னா வரிசையே நின்னுடுது. இவனைப் பாத்து இன்னும் ரெண்டு பேர் ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டர் தூங்க வைக்கிற ஊசி எழுதிக் குடுத்தாரு. யாரும்மா இவனுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்," என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டரின் கையைக் கட்டிலிலிருந்து அவிழ்த்துவிட்டு அக்கா நேராக அதிகாரிகளிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, விடுதிக்கு முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு ஒரு அதிகாரி சோதனைக்குப் போனார். அன்றைக்குப் போர்வையெல்லாம் புதுசு. யார் கையிலும் கட்டு இல்லை. குறை எதுவும் காணப்படவில்லை என்று கடிதம் வந்தது. அதே வாரம் விடுதியிலிருந்து தம்பிக்குப் போன் வந்தது: நம்பிக்கை இல்லையென்றால் அழைத்துப் போய்விடுங்கள்.

தம்பி வண்டியைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்தார். மைய வாசலில் நின்று, "டீச்சர், கையெடுத்துக் கும்பிடறேன். மேல புகார் எதுவும் எழுதாதீங்க. மூணு இடத்துல கேட்டேன், யாரும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க. தெருவுலயா விட முடியும்?" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்க சொன்னா அண்ணன் கேப்பான். அந்த வேணாமை மறக்க வச்சுடுங்க. ஊசியாவது நிக்கும்," என்றார்.

அக்கா எங்கள் பொறுப்பாளரிடம் கேட்டார். இங்கே தங்க வைக்க அனுமதியும் இல்லை, கட்டிலும் இல்லை. தன் கணவரிடம் கேட்டார். அவர்கள் வீட்டில் ஒரே படுக்கையறை, அதில் பக்கவாதம் வந்த மாமனார். கணவர் நல்ல மனிதர்தான். "ஒரு மாசமா, ஒரு வருஷமா? அவருக்கு இப்ப நாப்பத்தொண்ணு. நமக்கு என்ன வயசுன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் தோன்றியது, என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறதே என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா விடுதிக்குப் போக ஆரம்பித்தார். ஒரே ஒரு டம்ளர், அதில் பால். இன்ஸ்பெக்டர் உள்ளங்கையை நீட்டுவார். அக்கா அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிடுவார். இன்ஸ்பெக்டர் "வேணாம்" என்பார். அக்கா தலையை ஆட்டி, "சரி சொல்லுங்க," என்பார். முதல் ஞாயிறு இன்ஸ்பெக்டர், தான்தான் தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து, கையை இன்னும் நேராக, இன்னும் அழகாக நீட்டிக் காட்டினாராம். சரியாகச் செய்தால் அக்கா வழக்கமாகக் கைதட்டுவார். தட்டுவதற்காகக் காத்திருந்து அவர் முகத்தையே பார்த்தாராம்.

இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு கை பாதிதான் எழுந்தது. ஐந்தாம் ஞாயிறு பாலைக் குடித்துவிட்டு "சரி" என்றார். மூன்று வருடப் பாடம் ஐந்து வாரத்தில் அழிந்துவிட்டது.

ஊசி நின்றது, கட்டும் நின்றது. வார்டன் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். "நம்ம ஆளுங்களுக்கும் நீங்க ஒரு நாள் வந்து பயிற்சி குடுக்கணும்மா. இவ்வளவு பக்குவமா எங்களுக்கு வராது," என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அக்கா காப்பியை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மையத்தில் அக்கா அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போய்விடுவாள். அவளுக்குத்தான் முதலில் அந்தப் பாடம் வேண்டும் என்று நான் சொன்னேன். "நீ எடு," என்றார் அக்கா. "நாளைக்கு அவ எங்க போய் இருக்கப்போறாளோ, யாருக்குத் தெரியும்? எனக்குத் தைரியம் இல்லடி." நான் எடுக்கிறேன். எடுக்கும்போதெல்லாம் என் கையும் தயங்குகிறது.

போன மாதம் அக்காவோடு நானும் விடுதிக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இளைத்துப்போயிருந்தார். யாருடையதோ சின்னச் செருப்பைப் போட்டிருந்தார். குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு காலிலும் புண், ஒன்றில் சீழ். "வலிக்குதா?" என்று அக்கா கேட்டார். "சரி," என்றார் அவர். "எத்தனை நாளா?" "சரி."

அக்கா தரையில் உட்கார்ந்து புண்ணைக் கழுவி மருந்து போட்டார். கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய அளவில் செருப்பு வாங்கி வந்து மாட்டிவிட்டார். இதற்கு முன்பு வாங்கிக் கொடுத்த இரண்டு ஜோடியும் வேறு யார் காலிலோ இருக்கின்றன. இதுவும் இருக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கேட்டு வாங்க, பிடுங்கினால் தடுக்க அவரிடம் வார்த்தை இல்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மூன்றாவதில் ஏறினோம். உட்கார இடம் நிறைய இருந்தது. ஊர் வந்து சேரும்வரை அக்கா நின்றுகொண்டே வந்தார்.