மருத்துவச் சான்றிதழும் கரண்டின் இடது கையும்

"அஞ்சு நிமிஷம். வெறும் அஞ்சே அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா உயிரா போயிடும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் தையல்காரி.

மருத்துவமனையில் ஒன்பதாம் எண் அறைக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய கணவனுக்கு ஊர் வைத்த பெயர் கரண்ட். இடது கை விரல் நுனியில் கிளம்பும் ஓர் அலை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, மறுபக்கம் இறங்கி, வலது கை விரல் நுனி வழியாக வெளியே போகும். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதானே இருக்கேன்?" என்றான் கரண்ட். சொல்லும்போதே அடுத்த அலை கிளம்பிவிட்டது.

இந்த மனிதனோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியதற்கு யாராவது அவளுக்கு ஒரு மெடல் தர வேண்டும். இருபத்து மூன்று வருடம் தெருத்தெருவாக ஆடியவனுக்கு இப்போதுதான் முதல்முறையாக ஒரு நிரந்தர வேலை அமைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடன ஆசிரியர். தலைமையாசிரியை சரி சொல்லிவிட்டார். ஒரே ஒரு மருத்துவச் சான்றிதழ் பாக்கி. நாளை மதியத்துக்குள் கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த அடுத்த ஆள் தலையை ஊன்றிப் பம்பரமாகச் சுற்றுகிறவன். அவனிடம் தோற்பதைவிடச் சாவது மேல் என்று நேற்று முழுக்க இவன் புலம்பித் தீர்த்தான்.

எல்லாம் பதினேழு வயதில் நண்பன் வீட்டில் பார்த்த, தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டால் வந்த வினை. கடல் தாண்டி எங்கோ, எழுபதுகளில், ஃபங்க் பாட்டுகளின் கனத்த பேஸ் தாளத்துக்கு ஆடிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். கையைச் சுழற்றிச் சட்டென்று பூட்டுப் போட்டதுபோல் நின்று, கூட்டத்தை விரல் நீட்டிச் சிரித்தார்கள். அது லாக்கிங். அதைக் கண்ணாடி முன்னால் இரண்டு வருடம் பழகினான். பிறகு பாப்பிங் பிடித்துக்கொண்டது. தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தசையை இறுக்கி, அதே நொடியில் விட்டுவிட வேண்டும். கை, கழுத்து, மார்பு, கெண்டைக்கால் எல்லாம் துடிக்கும். அதற்கப்புறம் எலும்பே இல்லாததுபோல் இடுப்பையும் முட்டியையும் உருட்டுகிற பூகலூ. சோறு தண்ணி இல்லாமல் கற்றான்.

கற்று என்ன செய்ய? ஊரில் எல்லாருக்கும் எல்லாமே பிரேக் டான்ஸ்தான். அந்த வார்த்தையைக் கேட்டால் இவனுக்கு உடம்பெல்லாம் எரியும். கடை திறப்பு விழாவுக்குக் கூப்பிட வருகிறவர்கள் நல்லபடியாகத்தான் ஆரம்பிப்பார்கள். "தலைல சுத்துவீங்கல்ல?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். போயிற்று.

"சார், அது பிரேக்கிங், தரையில ஆடறது. இது ஃபங்க் ஸ்டைல், நின்னுக்கிட்டு ஆடறது. அது வேற, இது வேற."

அரை மணி நேரம் வகுப்பு நடக்கும். வந்தவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிடுவார். "சுத்துறேன்னு சொல்லித் தொலைச்சா என்ன குறைஞ்சு போச்சு?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். வாய் வலித்ததுதான் மிச்சம். ரயில் நிலைய வாசலில் பேட்டரி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஆடினான். செல்போன் கடை வாசலில் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு ஆறு மணி நேரம் ரோபோவாக நின்றான். ஒரு தடவை ஸ்பீக்கர் பழுதாகி மூன்று மாதம் கிடந்தபோது, அவளுடைய தையல் மெஷின் மிதிச் சத்தத்துக்கே பயிற்சி செய்தான். ஒரே அறை, ஜன்னலோரம் மெஷின், அலமாரிக் கண்ணாடி முன்னால் இவன். அவள் வேகமாக மிதித்தால் வேகமாகத் துடிப்பான்.

அதன் பிறகு இந்தத் துடிப்பு வீடு வாசல் பார்க்கவில்லை. சாப்பிடும்போது துடிக்கும், தண்ணீர் சிந்தும். பேருந்தில் தோள் துடிக்கும், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். அவளுடைய அப்பா இறந்த வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையின் மார்பு துக் துக்கென்று எகிறியது. அவள் அம்மா ஒரு வருடம் இவனோடு பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எல்லாம் நன்றாகவே போனது. தையல்காரி சுவரோரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கடவுளே இவன் வாயைத் திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க. அசையாம வைங்க," என்றார் டாக்டர்.

நீட்டினான். இடது முன்கை துள்ளியது. ஒரு நொடி விட்டு மறுபடி.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"இருபத்து மூணு வருஷமா டாக்டர்," என்றான் கரண்ட், பெருமை பொங்க.

டாக்டர் எழுதிக்கொண்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

"எனக்கு மட்டும்தான். தானா வந்துடுமா? கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தேன்."

ஐயோ, ஐயோ! அவள் பதறிப்போய் விளக்குவதற்குள் டாக்டர் எழுதியே முடித்துவிட்டார். தசைத் துடிப்பு கட்டுப்பாட்டில் இல்லை, நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும், மூன்று வாரம் ஆகும். கரண்ட் உடனே பாப்பிங் வகுப்பை ஆரம்பித்தான். டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்களா பண்றதுன்னா நிறுத்திக் காட்டுங்க. ஒரே ஒரு நிமிஷம்."

நிறுத்தப் பார்த்தான். துக். உதட்டைக் கடித்தான். துக், துக். நெற்றி வியர்த்தது.

"டாக்டர், இப்ப நான் பண்ணலை," என்றான்.

இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அவள் பயத்தைப் பார்த்ததில்லை. தன் கையை யாரோ பிடித்து ஆட்டுகிறார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்தாள். அப்போதுதான் தன் வலது காலைப் பார்த்தாள்.

நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் அது தட்டிக்கொண்டிருந்தது. எரிச்சல் வந்தால் அவள் கால் தானாக மெஷினை மிதிக்கும், அவளுக்கே தெரியாது. காலை நிறுத்தினாள். அவன் கை நின்றது. மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். துக்.

"டாக்டர், அவர் மேல தப்பு இல்ல. என் காலு," என்று எழுந்து நின்றுவிட்டாள். மெஷின், ஸ்பீக்கர், மூன்று மாதம் என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, உக்காந்து தட்டுங்க. சார், அவங்க தட்டும்போது நீங்க அசையக் கூடாது."

தட்டினாள். கரண்ட் அவள் காலையே பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கை அசையவில்லை. வேகமாகத் தட்டச் சொன்னார். தட்டினாள். அசையவில்லை. ஒரு நிமிடம் முழுதாக ஓடி முடிந்தது. டாக்டர் பழைய தாளைக் கிழித்துவிட்டுச் சான்றிதழை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் அவள் வெடித்தாள்.

"அப்ப உங்களால நிறுத்த முடியும்! பஸ்ல, சாப்பாட்டுல, போற இடமெல்லாம் என் மானத்தை வாங்கினீங்களே, நிறுத்த முடிஞ்சும் நிறுத்தலை!"

"முடியும். ஆனா ரொம்பக் கஷ்டம். பாரு, தோளே பிடிச்சுக்கிச்சு."

"எங்கப்பா செத்த வீட்டுல? அன்னிக்காவது அடக்கியிருக்கலாம்ல?"

கரண்ட் தோளைத் தடவிக்கொண்டான்.

"நீ அழக்கூட இல்ல அன்னிக்கு. மூலையில உக்காந்து கால மட்டும் தட்டிக்கிட்டே இருந்த. நானும் சும்மா இருந்தா, நீ ஒண்டியாத் தட்டிக்கிட்டு இருந்திருப்பியே."

அவள் கையில் இருந்ததை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடியேய், சர்டிஃபிகேட்!" என்று அலறிப் பிடுங்கினான் கரண்ட்.