ஒன்பதாவது ஷரத்து

மலாக்காவில், காஜா பேராங் தெருவில் நான் குடியிருக்கும் வீட்டில் தமிழ் எழுத்துள்ள காகிதம் எதுவும் தரையில் கிடக்காது. மிளகாய் மடித்து வந்த பத்திரிகைத் துண்டோ, சந்தையில் யாரோ திணித்துவிட்டுப் போன நோட்டீஸோ, எதுவானாலும் வீட்டுக்கார வள்ளியக்கா அதை எடுத்து, முழங்காலில் வைத்து நீவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மாடத்தில் சேர்த்துவிடுவார். ஒருமுறை முழுசாக ஒரு மாதம் எங்கள் முருகனுக்கு இடப்பக்கத்தில் மூல வியாதிக்கான லேகிய விளம்பரம் விபூதி பூசிக்கொண்டு வீற்றிருந்தது. அது என்னவென்று நான் எடுத்துச் சொன்னேன். "தமிழ்தானே, தம்பி?" என்று கேட்டுவிட்டு அக்கா திரியைத் தூண்டினார். அவர் மலாக்காச் செட்டிகள் குடும்பம். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்டவர்கள். பெயரும் சாமியும் தமிழ், உடுப்பு சாரோங்கும் கெபாயாவும், பேச்சு மலாய். அக்கா, அண்ணன், தம்பி என்ற உறவுச் சொற்கள் மட்டும் தமிழில் மிஞ்சியிருக்கின்றன. அக்கா பேசியதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் மலாயில் கேட்டதுதான். எனக்கோ தமிழ் எழுதவும் படிக்கவும் தெரியும், கோயிலுக்குப் போகிற பழக்கம் கிடையாது. ஆக இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழுத் தமிழர் தேறுவார்.

யுத்தம் முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஊரிலிருந்து கடிதங்கள் வருகின்றன. கும்பகோணத்தில் என் தமக்கை மகனும் அவனுடைய சிநேகிதர்களும் பி.ஏ. முடிக்கப் போகிறார்களாம். "மாமா அவர்கள் சட்டம் அறிந்தவர்கள். சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கவும், கிடைத்தபின் முன்னுக்கு வரவும் வழி சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறான். பிள்ளைக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சட்டக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவனில்லை. அதன் விண்ணப்பப் படிவம்தான் இத்தனை வருஷமாக என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆனாலும் கேட்டவனுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. இதே கேள்வியோடு இந்த நாட்டிலும் சில பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

படிவத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்ப வேண்டும். நான் முதலில் பென்சிலால் எழுதிப் பார்த்து, பிறகு மையால் எழுதினேன். சென்னையில் தங்கிப் படிக்கக் கையில் பணமில்லாததால், மூன்று வருஷம் சம்பாதித்துக்கொண்டு திரும்பலாம் என்று மலாக்காவுக்குக் கப்பலேறி, ஒரு யாழ்ப்பாணத்து வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். அவருடைய புத்தகங்களை அவரைவிட அதிகமாகப் படித்தேன். படிவத்தை வரவழைத்தேன். அதில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. உறவினரல்லாத, விண்ணப்பதாரரை மூன்று வருஷமாவது அறிந்த, கௌரவமான இருவர் நன்னடத்தைச் சான்றிதழ் தர வேண்டும். என் வக்கீல் ஒன்று கொடுத்தார். இரண்டாவதை யாரிடம் கேட்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டான்.

வக்கீல் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு எங்கோ தோட்டப்பக்கம் போய் ஒதுங்கினார். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாரென்று பிறகு கேள்விப்பட்டேன். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு ஆறு மாதம் ஓட்டினேன். பிறகு ஜப்பான்காரர்களின் தொழிலாளர் இலாகாவில் தமிழும் இங்கிலீஷும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமென்றார்கள், போனேன். அரிசி கொடுத்தார்கள். அங்கே என் மேலதிகாரி மோரி என்ற இளைஞர். தோக்கியோவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவரைப் பாதியில் பட்டாளத்துக்கு இழுத்துவிட்டார்கள். என் மேஜையில் வக்கீலின் ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. ஆளுக்கு அரைகுறை இங்கிலீஷில் நாங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சு வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. மனுஷர் நல்லவர்தான் என்று இப்போதும் சொல்லத் தோன்றுகிறது. சொல்லக் கூடாது என்றும் தோன்றுகிறது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று மாத வேலை, திரும்பிவர வண்டி, சாப்பாடு, மருந்து, குடும்பத்துக்கு அரிசி. இதைத் தண்டோரா போட்டால் யாரும் வரமாட்டார்கள், எழுத்தில் கொடுத்தால் நம்புவார்கள் என்று மோரி நினைத்தார். "ஒப்பந்தம் எழுது. அழகாக எழுது" என்றார். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் என்னைச் சட்டப் பத்திரம் எழுதச் சொல்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து எட்டு ஷரத்துகள் எழுதினேன். நோய் வந்தால் யார் பொறுப்பு, வேலை நேரம் எத்தனை, ஆள் இறந்தால் குடும்பத்துக்கு என்ன என்று ஒன்றையும் விடவில்லை. மோரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "மறுதரப்பு இதை மீறினால்?" என்று கேட்டேன். உண்மையாகவே பயந்துதான் கேட்டேன். அவர் அதை வாய்மொழிப் பரீட்சைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, "நஷ்டஈடு!" என்றார். சரியான விடை. இரண்டு பேரும் சிரித்தோம். வழக்குப் போட இடமில்லாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்பது புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பட்டாளத்தின்மேல் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

எட்டோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஓர் இடம் வெறுமையாகத் தெரிந்தது, பத்திரத்துக்குக் கம்பீரம் போதவில்லை. ஒன்பதாவதாக இப்படிச் சேர்த்தேன்: 'இவ்வொப்பந்தத்துக்குச் சாட்சிக் கையொப்பமிட்டவர், மேற்படி தொழிலாளி வீடு திரும்பும்வரை, மலாக்காவை விட்டு நீங்காமல் இருந்து, அன்னாரின் குடும்பத்தார் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.' சாட்சி நான்தான். படித்துப் பார்க்கையில் காதுக்கு நன்றாக இருந்தது. பிள்ளைகளே, அழகுக்காக ஒரு ஷரத்தைச் சேர்க்காதீர்கள். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு லாரியில் போய், ஆட்களைக் கூட்டி வைத்து, ஒப்பந்தத்தை நானே உரக்கப் படித்தேன். நல்ல தமிழ், அதில் சந்தேகமில்லை. பால்வெட்டுக்காரர் ஒருவர் முன்னால் வந்து, "சார், மீறிட்டா இத கோர்ட்ல காட்டலாங்களா?" என்று கேட்டார். மோரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காட்டலாம்" என்றேன். "படிச்சவரு நீங்க சொன்னா சரிதான்" என்று அவர் பெருவிரலை நீட்டினார். நான் கொடுத்த முதல் சட்ட ஆலோசனை அது. அன்று எத்தனை விரல்கள் மை தொட்டன என்பதை எழுத எனக்குத் துணிவில்லை.

நகரத்திலிருந்தும் ஆள் வேண்டுமென்றபோது வள்ளியக்காவின் கணவர் ஆறுமுகம் அண்ணன் பெயர் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அவர் கோர்ட்டில் டவாலிச் சேவகர். இருபது வருஷம் வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டவர், அந்தக் குரலுக்கு எங்கள் தெருவில் நல்ல மதிப்பு உண்டு. கிருபோங்கில் தங்கை வீட்டில் போய் ஒளிந்துகொள்ளச் சொல்லி அக்கா மன்றாடினார். அண்ணன் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார். அதன் கீழே என் கையெழுத்தையும் பார்த்தார்.

"கோர்ட்டில் இத்தனை வருஷம் பார்த்துவிட்டேன். காகிதம் வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான்" என்றார் அக்காவிடம். "தம்பி வேறு கையெழுத்துப் போட்டிருக்கிறான். மூன்று மாதம்தானே?"

நான் அங்கேதான் இருந்தேன். போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். என் அரிசியை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மன்னிப்பு கிடைக்கும். உண்மையில், என் பத்திரத்தை இவ்வளவு அனுபவசாலி ஒருவர் மெச்சுகிறாரே என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

அண்ணன் போன அன்றே அக்கா ஒப்பந்தத்தைச் சாமி மாடத்தில் வைத்தார். தமிழ் எழுத்து, அதோடு முத்திரை வேறு, அதைவிடப் பெரிய மந்திரம் என்ன இருக்கிறது? தினம் ஒரு பூ வைத்தார். மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பிலா பாலிக், தம்பி?" என்பார், எப்போது திரும்புவார் என்று. வண்டி கிடைக்கவில்லையாம் என்று ஏதாவது சொல்வேன். பொங்கலுக்கு முதல் நாள் இந்த வீடுகளில் 'பர்ச்சு' என்று ஒரு படையல் உண்டு. குடும்பத்தில் இறந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுச் சோறும் கறியும் பலகாரமும் பரிமாறுவார்கள். அண்ணன் போனபிறகு வந்த பொங்கலில், சயாமிலிருந்து யாரும் திரும்பவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. மற்ற வீடுகளில் சிலர் போனவர்களுக்கும் இலை போட்டுவிட்டார்கள். அக்கா போடவில்லை. காகிதம் இருக்கிறதே என்றார்.

ஜப்பான்காரன் சரணடைந்ததும் மோரி என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். 'இவர் நன்னடத்தையுள்ளவர், சட்ட அறிவும் பொறுப்பும் மிக்கவர்.' நான் கேட்காமலே கிடைத்த இரண்டாவது சான்றிதழ், விதிப்படி எல்லாம் பொருந்துகிறது. மோரி என் உறவினரல்ல, மூன்று வருஷமாக என்னை அறிந்தவர். ஆனால் எதிரியின் முத்திரையோடு வெள்ளைக்காரனின் கல்லூரிக்கு எப்படி அனுப்புவது? அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, கோயில் தர்மகர்த்தாவிடம் வேறொன்று வாங்க நினைத்தேன். அவர் வள்ளியக்காவின் தாய்மாமன். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று படிவத்தை விரித்து வைத்து யோசித்துக்கொண்டிருந்த காலையில், அக்காவே என் அறைக்குள் வந்தார். கையில் ஒப்பந்தம். மடிப்பெல்லாம் சந்தனக் கறை.

"கோர்ட்டைத் திறந்துவிட்டார்களாமே, தம்பி. இதைக் கொண்டுபோனால் கேட்பார்களா? எனக்கு அரிசி, பணம் ஒன்றும் வேண்டாம். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொன்னால் போதும். பர்ச்சு வருகிறது. இலை போடுவதா வேண்டாமா?"

கேட்கமாட்டார்கள் என்று சொன்னேன். ஏன் என்றார். முதலில் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல் என்றார். இத்தனை காலம் பூ வைத்துக் கும்பிட்ட காகிதத்தில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு ஷரத்தாகப் படித்து மலாயில் சொன்னேன். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பப்படும். நோயுற்றால் மருத்துவம். நாளொன்றுக்கு இவ்வளவு அரிசி. அக்கா ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எட்டாவதோடு காகிதத்தை மடித்தேன்.

"கீழே இன்னும் இருக்கிறதே" என்றார். எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் வரி எண்ணத் தெரியும்.

ஒன்பதாவதையும் படித்தேன்.

"இதையெல்லாம் எழுதினது யார்?"

"நான்தான், அக்கா."

"ஜப்பான்காரன் இல்லையா?"

"அவன் முத்திரைதான் குத்தினான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போயிருப்பேன். அவர் ஒப்பந்தத்தை என் கையிலிருந்து வாங்கி, சாமி மாடத்துக்குக் கொண்டுபோகாமல், மேஜையில் என் விண்ணப்பப் படிவத்தின்மேல் வைத்தார்.

"எட்டை யாரும் செய்யவில்லை" என்றார். "கடைசியில் இருப்பது தம்பியால் முடியும். அதைச் செய்."

நான் பார்த்த தீர்ப்புகளில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை. மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. புக்கிட் ரம்பாயிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆள் மிஞ்சவில்லை. கேட்க வந்தது இவர் ஒருவர்தான். சான்றிதழ்ப் பேச்சை நான் எடுக்கவில்லை. நாகப்பட்டினம் கப்பல் பினாங்கிலிருந்து கிளம்பும் தேதி பத்திரிகையில் வரும்போதெல்லாம் பார்க்கிறேன். பார்த்த பத்திரிகையை அக்கா எடுத்து நீவி மாடத்தில் வைத்துவிடுகிறார். பகலில் மனு எழுதிப் பிழைக்கிறேன். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி விசாரித்துக் கடிதம் போட்டவண்ணம் இருக்கிறேன். பதில் வந்தால் அக்காவிடம் படித்துக் காட்டுகிறேன். எதிலும் ஆறுமுகம் அண்ணன் பெயர் இல்லை, உயிரோடிருப்பவர் பட்டியலிலும் சரி, மற்றதிலும் சரி.

ஆகவே மருமகனுக்கு என் யோசனை இதுதான்: படிவத்தைச் சீக்கிரம் அனுப்பிவிடு. நன்னடத்தைச் சான்றிதழை, உன் நடத்தைக்குச் சோதனை வருவதற்குமுன் வாங்கிக்கொள். முன்னுக்கு வரும் வழியை வேறு யாரிடமாவது கேள்.

அண்ணன் திரும்பினால் எனக்கு விடுதலை. அல்லது அக்கா ஒரு நாள் மனம் தேறி அவருக்கு இலை போட்டால் விடுதலை. பர்ச்சுக்கு இலை வாங்கி வருவது என் பொறுப்பு. அக்காவின் மாமனார், மாமியார், பெற்றோர், சின்னதில் போன ஒரு குழந்தை என்று ஐந்து இலை வேண்டும். இந்த வருஷம் நான் ஆறு கொண்டுவந்துவிட்டேன். எண்ணிக்கை தவறிவிட்டதென்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. அக்கா இலைகளைத் துடைத்து அடுக்கும்போது கடைசி ஒன்றைத் தனியே எடுத்து என்னைப் பார்த்தார்.

"ஒன்று அதிகமாக இருக்கிறது, தம்பி."

ஐந்து இலைகளுக்கும் படைத்து, எல்லோரும் கும்பிட்டு முடிந்தபிறகு, அந்த ஆறாவது இலையை என் முன்னால் விரித்து, தண்ணீர் தெளித்து, எனக்குச் சோறு போட்டார்.