வெறும் புல்லுக்குப் பிரேக் போட்ட வண்டி

செத்துப்போய் ஏழு மாதமான என் கூட்டாளி மணியம், டிரைவர் இல்லாத வண்டிக்குள் புகுந்துகொண்டு ஓட்டுகிறான் என்று நான் நம்பினேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் இல்லை, முழுசாக இரண்டு நாள் நம்பினேன். நம்பி, தேக்கா சந்தைக்குப் போய் எலுமிச்சம்பழம்கூட வாங்கி வந்தேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

எனக்கு ஆவி, பேய் இதிலெல்லாம் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக இரவு ஷிஃப்ட் டாக்சி ஓட்டுகிறவன். இடுகாட்டு வாசலில் கை காட்டிய ஆளைக்கூட ஏற்றியிருக்கிறேன். மீட்டர் காட்டிய காசை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு இறங்கினார். பேய் என்றால் பேரமாவது பேசியிருக்கும்.

மணியமும் நானும் ஒரே டாக்சியைப் பங்கு போட்டு ஓட்டினோம். பகல் அவன், இரவு நான். சாயங்காலம் ஐந்து மணிக்கு புக்கிட் பாத்தோக்கில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து ஹார்ன் அடிப்பான். நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வேன், எம்ஆர்டி ரயில் நிலையம் வரை அவனே ஓட்டுவான், அங்கே இறங்கி குவீன்ஸ்டவுனில் இருக்கும் தன் வீட்டுக்கு ரயில் பிடித்துப் போய்விடுவான். தினமும் பத்து நிமிஷம், ஒன்பது வருஷம். கண்ணைக் கட்டிவிட்டாலும், ஓட்டுவது மணியம்தான் என்று என் இடுப்பே சொல்லிவிடும்.

அந்த வழியில் ஒரு பெரிய மரம் இருந்தது. அடியில் பிள்ளையாரும் சீனர்களின் சாமி ஒன்றும் ஒரே தகரக் கூரைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தார்கள். அங்கே வந்ததும் மணியம் வேகத்தைக் குறைப்பான், வண்டியை ஓரமாகக் கொஞ்சம் ஒதுக்குவான், ஒரு மூச்சு விடும் நேரம் ஊர்வான், அப்புறம்தான் கிளம்புவான். பிறகு மரத்துக்கு நோய் என்று வெட்டிவிட்டார்கள். சாமிகளை வேறு கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். மிச்சம் வெறும் புல்தரை. அப்போதும் இவன் பிரேக்கில் கால் வைத்தான்.

"சாமிதான் வீடு மாறிப் போயாச்சேடா, இன்னும் என்ன பிரேக்கு?"

"சாமி போனா என்ன லா, என் காலு போகலையே."

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நாங்கள் வழக்கமாக உட்காரும் லிட்டில் இந்தியா காப்பிக்கடைக்கு ஒருவர் வந்தார். எங்கள் வட்டாரத்தில் தானாக ஓடும் சின்னப் பஸ் வண்டிகளை விடப்போகிறார்களாம். அதற்கு முன்னால் அந்த வண்டிகளை ரோட்டில் ஓட்டிக் காட்டிப் பழக்க அனுபவமுள்ள டாக்சிக்காரர் வேண்டுமாம். மாதச் சம்பளம், பகல் வேலை. என் கையில்தான் விண்ணப்பத்தைக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் மனைவி பார்வதி, "ராத்திரில வீட்ல ஒரு ஆம்பள படுத்துத் தூங்கி நான் பாத்ததே இல்லங்க, கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவைத் தேடிக் கையில் கொடுத்துவிட்டாள்.

மணியம்தான் தடுத்தான். "நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடுறதா? போ, போய்ச் சேரு. ஆனா அப்புறம் என் மூஞ்சில முழிக்காத."

விண்ணப்பத்தைக் கிழித்துப்போட்டேன். பார்வதி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நட்பு என்றால் சும்மாவா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் இருவரும்தான் அந்த வண்டிக்கு எதிர்க்கட்சி. "இப்ப சும்மா ஏத்திக்குவான், நாம எல்லாரும் ஒழிஞ்சதும் பாரு, பாலிகிளினிக் போறதுக்குக் கல்யாணக் கார் விலை வைப்பான்" என்று நான் ஆரம்பிப்பேன். "புள்ள பந்து பின்னால ஓடி வந்தா அதுக்குத் தெரியுமா?" என்று அவன் முடிப்பான். சமூக மன்றத்தில் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். மணியம் எழுந்து, "மெஷினுக்குப் பயம்னா என்னன்னு தெரியாது. பயம் தெரியாதவன் கையில ஸ்டியரிங்கக் குடுக்காதீங்க" என்றான். மண்டபமே கை தட்டியது. நான் விசிலே அடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பாவம், அவனுக்கு முட்டிவலி வந்தது. செவ்வாயும் வியாழனும் உடற்பயிற்சிச் சிகிச்சையாம், பகல் முழுக்க வண்டி ஓட்ட முடியாதாம். "நீ காலைப் பாருடா, அந்த ரெண்டு நாளும் நான் ஓட்டிக்கிறேன்" என்றேன். இரவும் நான், பகலும் நான். மெஷின் ஓட்டினால் ஆபத்து என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு, மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு திரிந்தேன். மாதா மாதம் தேக்காவில் ஒரு புட்டி முட்டிவலித் தைலம் வாங்கி அவன் கையில் கொடுப்பேன். "உன்ன மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான் லா" என்பான். பதினோரு மாதம் இப்படி ஓடியது. பன்னிரண்டாவது மாதம் தூக்கத்திலேயே மாரடைப்பு. மண்டாய் தகனச்சாலையில் அவனுக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நல்ல பகல், மூன்று மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். டாக்சி பட்டறையில் இருந்தது. பார்வதிக்கு பாலிகிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தானியங்கி வண்டி புளோக்குக்குக் கீழேயே வந்து நின்றது. "உங்க கொள்கை நிழல்ல நிக்கட்டும், நான் போறேன்" என்று அவள் ஏறிவிட்டாள். நானும் ஏறினேன், மனைவியைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டு.

முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவசரத்துக்கு வண்டியை நிறுத்த ஒரு ஆள் இருக்க வேண்டுமாம். பெயர் வசந்தி என்று சட்டையில் எழுதியிருந்தது. கைகள் மடியில். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. நான் வாய் ஓயாமல் கிண்டல் செய்துகொண்டு வந்தேன். வேகத்தடை மேட்டுக்கு முன்னால் வண்டி பிரேக்கைத் தட்டியது, விட்டு, இன்னொரு முறை தட்டியது. என் இடுப்புக்கு எங்கேயோ பழகின மாதிரி இருந்தது.

புல்தரை வந்தது. முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒரு பூனைகூட இல்லை. வண்டி வேகத்தைக் குறைத்தது. ஓரமாகக் கொஞ்சம் ஒதுங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம் ஊர்ந்தது. பிறகு கிளம்பியது.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. ஐம்பத்துமூன்று வயது ஆள், எழுந்து நின்று, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டேய் மணியம்! எறங்குடா! வண்டிய விட்டு எறங்குடா!" என்று கத்தினேன். பின்னால் இருந்த சீனக் கிழவி தன் காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க, மானம் போகுது" என்று பார்வதி என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். பாலிகிளினிக்கில் முதலில் எனக்குத்தான் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்.

இரண்டு நாள் தூக்கமில்லை. அவனுக்கு என்ன குறை, எதற்கு இந்த வண்டிக்குள் வந்து அலைகிறான், ஒருவேளை எதிரியை உள்ளே இருந்தே கெடுக்கிறானோ என்றெல்லாம் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை எலுமிச்சம்பழத்தோடு போய் நின்றேன். புது வண்டிக்குச் சக்கரத்தில் பழம் வைத்து நசுக்குவோம் இல்லையா, அப்படி நசுக்கினால் நண்பன் நிம்மதியாகப் போய்விடுவான் என்று கணக்கு. சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். அது உருண்டு நடு ரோட்டுக்குப் போனது. பழத்தைப் பார்த்த வண்டி நகர மறுத்து அப்படியே நின்றது. பின்னால் ஒரு பேருந்து ஹார்ன் அடித்தது.

வசந்தி இறங்கி வந்து பழத்தைக் கையில் எடுத்தாள். "அங்கிள், அன்னிக்குக் கத்தினது நீங்கதானே? என்ன பிரச்சனை உங்களுக்கு?"

புல்தரையைச் சொன்னேன். மணியத்தின் பெயரைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"மணியம் அண்ணனையா சொல்றீங்க? அவருதானே இந்த வண்டிக்கு ட்ரெய்னிங் டிரைவர். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்னு கேட்டு, செவ்வாயும் வியாழனும் வருவாரு. எனக்கே அவருதான் சொல்லிக்குடுத்தாரு. அந்த எடத்துல அவரு எப்பவும் குறைப்பாரு, இதுவும் அதையே புடிச்சுக்கிச்சு."

கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். சாம்பல் நிற டி-ஷர்ட்டில், இதே வண்டிமேல் சாய்ந்துகொண்டு, கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு மணியம். பயம் தெரியாத மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயத்தைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அவனுடைய டாக்சியை அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நேராக குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். மணியத்தின் மனைவி சரோஜா தேநீர் கலக்கிக் கொடுத்தாள். கேட்டதும் ஆச்சரியப்பட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே? ஒரு எடம்தான் இருந்துச்சாம். நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுத்தீங்க, அதான் கிடைச்சுதுன்னு சொன்னாரே."

சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லை. ஆவியாகவாவது வந்திருக்கக் கூடாதா, சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். இரண்டு நாள் பேய் என்று பயந்தேனே, அந்த இரண்டு நாளும் அவன் என் நண்பனாகத்தான் இருந்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். புல்தரையில் காரணமில்லாமல் குறைப்பதைப் போன மாதமே சரிசெய்துவிட்டார்களாம். மற்ற வண்டிகள் இப்போது அங்கே நேராகப் போகின்றன. அவன் சாய்ந்து நின்ற அந்த ஒரு வண்டி மட்டும் இன்னும் குறைக்கிறது. இரண்டு முறை திறந்து பார்த்தும் காரணம் தெரியவில்லை என்கிறாள் வசந்தி. எனக்கும் தெரியவில்லை. பார்வதிக்குத் துணையாக ஏறும்போதெல்லாம், அந்த இடம் வந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்று கிளம்பும்போது சரோஜா அலமாரியைத் திறந்து ஒரு பையைக் கொடுத்தாள். "இத நீங்களே எடுத்துக்குங்கண்ணே. மாசாமாசம் எதுக்கு அவருக்கு இத வாங்கிக் குடுத்தீங்கன்னே எனக்குப் புரியல. கேட்டா சிரிப்பாரு."

பதினோரு புட்டித் தைலம். ஒன்றுக்கும் சீல் உடைக்கவில்லை. மணியத்துக்கு முட்டிவலி இருந்ததே இல்லை.