எஸ்கோவின் பகல் தூக்கம்

நாற்பது வருஷம் பனி வாரும் வண்டி ஓட்டிய எஸ்கோ, வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாளும் பகலில் கண்ணயர்ந்தவர் இல்லை. எழுபத்திரண்டு வயதில் அவரைப் பகல் தூங்கி என்று பெயர் வாங்க வைத்தது ஒரு கைக்கடிகாரம்.

கட்டிவிட்டவள் மகள் மெர்வி. சுவீடனில், கோத்தன்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அம்மா போன பிறகு ஏரிக்கரை வீட்டில் அப்பா தனியாக இருக்கிறாரே என்று அவளுக்குக் கவலை. கிறிஸ்துமஸுக்கு வந்தவள் அவருடைய இடது மணிக்கட்டில் அதை மாட்டிவிட்டாள்.

"எவ்வளவு நேரம் தூங்குனீங்க, எத்தன தடவ முழிச்சீங்க, எல்லாம் அப்பப்ப என் போனுக்கு வந்துடும்ப்பா. உங்கள நான் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

எங்கள் ஃபின்லாந்தில் அடுத்தவரைத் தொந்தரவு செய்வதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால்கூட, அவர்களே அணைத்துக்கொள்வார்களோ என்று ஒரு நிமிஷம் யோசிப்போம். எஸ்கோவும் தலையை ஆட்டி வைத்தார்.

முன்பெல்லாம் மெர்வி ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். ஏரிப் பனி எத்தனை விரற்கடை, கார் கிளம்புகிறதா என்று பத்து நிமிஷப் பேச்சு. அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துத்தான் அவர் வாரம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் கடிகாரமே சொல்லிவிட்டது. ஜனவரியில் ஒரே ஒரு அழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணிச் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று ரேடியோகூடப் போடமாட்டார். பாழாய்ப்போன ஏக்கம், எழுபத்திரண்டு வயதிலும் விடவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திடீரென்று போன் அடித்தது.

"அப்பா, உடம்புக்கு என்ன? பகல்ல ரெண்டே முக்கால் மணி நேரம் தூங்கிருக்கீங்க."

பகல் முழுக்க அவர் ஏரியில் இருந்தார். உறைந்த ஏரியில் துளை போட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து தூண்டில் பிடித்தார். தூண்டில் இருந்தது வலது கையில். கடிகாரம் கட்டிய இடது கை குளிருக்கு அடக்கமாகக் கோட்டுக்குள் கிடந்தது. கடிகாரத்துக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மணிக்கட்டு ஒன்றுதான். அடியிலிருக்கும் பச்சை விளக்கால் நாடியைப் பார்க்கும், கை அசைகிறதா என்று பார்க்கும். ரத்த அழுத்த மாத்திரையால் நாடி ஏற்கெனவே நிதானம். கையும் அசையவில்லை. ஆள் தூங்குகிறார் என்று எழுதிக்கொண்டது.

மீன் பிடிக்கப் போயிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தவர், "வயசாச்சும்மா" என்றார்.

மெர்வி நாற்பது நிமிஷம் பேசினாள். மறுநாளும் கூப்பிட்டாள்.

அப்புறம் எஸ்கோ ஒரு நாள் விடாமல் ஏரிக்குப் போனார். முதல் வாரத்திலேயே ஒரு சங்கடம். மீன் கடித்தால் இரண்டு கையாலும் இழுக்க வேண்டும், தூக்கம் கலைந்துவிடும். ஆகவே புழுவைக் கழற்றிவிட்டு வெறும் முள்ளை இறக்கினார். பக்கத்துத் துளைக்காரர் கலெவி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, புழு இல்லாம மீன் பிடிக்கிற? மீனுக்கு விரதமா?"

"மீன் வேணும்னு யாரு சொன்னா?"

"நல்லாத்தான் இருக்கு. ஒரு நாள் நெசமாவே போய்ச் சேர்ந்து உக்காந்திருப்ப, நாங்க சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு இருப்போம்."

மார்ச் கடைசியில் மெர்வி சொல்லாமல் வந்து நின்றாள். அப்பாவைக் காட்ட டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். வீட்டில் ஆள் இல்லை. ஏரிப் பக்கம் பார்த்தால், வெளுத்த வெயிலில் அப்பா பெட்டிமேல் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். நடந்து வந்து, தூண்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். வெறும் முள்.

எஸ்கோவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நீ கூப்பிடுறியேன்னுதான்" என்றார்.

"நீங்களே கூப்பிட்டிருக்கலாமேப்பா."

"வேலையில இருப்ப. எதுக்குத் தொந்தரவுன்னு..."

மெர்வி கலெவியின் காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கையிலும் அதே மாதிரி ஒரு கடிகாரம் இருப்பதை எஸ்கோ அப்போதுதான் கவனித்தார். முகத்தையும் அப்போதுதான் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"நீ எப்படிம்மா தூங்குற?"

அவள் போனை நீட்டினாள். நாலு மணி நேரம். மூணரை. நாலு. அம்மா இறந்த மாதத்திலிருந்தே அப்படித்தான்.

"இத யாரு பாக்குறா?"

"யாரும் பாக்கறதில்ல" என்றாள்.

தன்னைக் கேட்க ஆள் இல்லையே என்று ஏங்கிக் கிடந்த எஸ்கோ, அவளைக் கேட்க ஆள் உண்டா என்று ஒரு நாள் யோசித்ததில்லை. கோட்டுக்குள்ளிருந்து இடது கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே வெகுநேரம் அசையாமல் இருந்தார்கள்.

நாலாம் நாள் அவள் ஊர் திரும்பினாள். அதற்கு மறுநாள் காலை எஸ்கோ காப்பி போட்டார். போனைப் பக்கத்தில் வைத்தார். அது அடிக்கும் என்று காத்திருக்காமல், மூக்குக் கண்ணாடியை மாட்டி, மகள் பெயரைத் தேடி அழுத்தினார்.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"தூங்குனியாம்மா?" என்று கேட்டார்.