பாயின் கீபோர்டு

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய பழைய கீபோர்டு ஒன்று கிடக்கிறது. கூட்டிப் பெருக்கும் அக்கா அதைக் குப்பையில் போடப் பார்த்தார், நான் விடவில்லை. முதன்முதலில் நான் அதை உற்றுப் பார்த்தபோது சில விசைகள் மட்டுமே பழுப்பாக இருந்தன. மற்றவை வாங்கி வந்த அன்றிருந்த வெள்ளையிலேயே இருந்தன. அந்த வெள்ளைதான் ஒருவருடைய வேலைக்கு உலை வைக்கவிருந்தது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஆலையில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான் பொறுப்பு. விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சாயம் ஏற்றி மெருகு போடும் பிரிவில் தரம் பார்ப்பவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். ஒவ்வொரு தோலையும் மடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். எத்தனை சோப்பு போட்டாலும் விரல்களில் சாயம் போகாது. கம்ப்யூட்டரில் அவர் விசைகளைத் தொடுவது பாஸ்வேர்டு அடிக்க மட்டும்தான், மீதி வேலை எல்லாம் மவுஸில் முடிந்துவிடும்.

மடித்தால் மெருகு வெடிக்கிறது என்று அவர் ஒதுக்கி வைத்த ஒரு லாட் தோல், ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் அவர் பெயரிலேயே பாஸாகி லாரி ஏறிப் போய்விட்டது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியதும் ஜி.எம். அவரை அறைக்கு அழைத்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஜும்மா தொழுகைக்குப் போய்ட்டேன் சார். அந்த லாட்ட நான் பாஸ் பண்ணல," என்றார் பாய்.

"நீங்க சொல்லாம உங்க பாஸ்வேர்டு இன்னொருத்தனுக்கு எப்படித் தெரியும்?"

"யார்கிட்டயும் சொல்லல சார்," என்றார் பாய். நாள் முழுக்கத் தோலைப் புரட்டும், சாயம் போகாத அந்தக் கைகளைக் கெஞ்சுவதுபோல் விரித்துக் காட்டினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஜி.எம். சொல்வதற்குள், ஒரு நிமிடம் கீழே வாருங்கள் சார் என்று ஜி.எம்.மையே அழைத்துப் போய்ப் பாயின் மேசை முன் உட்கார வைத்தேன்.

"இவர் பாஸ்வேர்ட நீங்களே கண்டுபிடிங்க சார்."

ஜி.எம். கீபோர்டைப் பார்த்தார். சாயக் கறை படிந்த எழுத்துகளைக் கூட்டினால் பாயின் மகள் பெயர். அந்தப் பெண்ணின் கல்யாண பிரியாணியை ஆலையே சாப்பிட்டிருக்கிறது. எண்களில் கறை பட்டவை மூன்று. லாரி நெற்றியிலும் கடைப் பலகையிலும் எங்கள் ஊர்க்காரர்கள் தினம் பார்க்கும் 786. ஒற்றை விரலால் அடித்தார், திறந்துகொண்டது.

பாயின் வேலை தப்பியது. அந்த லாட்டை பாஸ் செய்தது யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. எல்லோராலும் திறக்க முடிகிற பூட்டில் யாரைப் பிடிப்பது? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வாரமே விதி போட்டேன். பாஸ்வேர்டு இருபது எழுத்துக்குக் குறையக் கூடாது. அவரவர் சொந்தமாக யோசித்த ஒரு வாக்கியமாக இருக்க வேண்டும். பிள்ளை பெயரும் 786-ம் மட்டும் வைத்தால் செல்லாது. என்னிடம்கூடச் சொல்லக் கூடாது.

முதல் எதிர்ப்பு பாயிடமிருந்தே வந்தது.

"இன்னாமா இது பேஜாரு? 786 போடாம நான் ஒரு காரியமும் தொடங்குனது இல்ல."

"எங்க வேணாலும் போட்டுக்கங்க பாய். கூடவே நீளமா ஒரு வாக்கியமும் வேணும்."

தனக்கு மட்டும் பழையதே இருக்கட்டும் என்று ஜி.எம். கேட்டுப் பார்த்தார். உங்களுக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை சார் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் ஆலையில் என்னைத் திட்டாதவர்கள் இல்லை. பாய் தப்பாக அடித்து அடித்துக் கணக்கு பூட்டிக்கொள்ளும். நான் கீழே போய்த் திறந்துவிட்டு, அவர் புதிய வாக்கியத்தை அடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நிற்பேன்.

"இருபது ஜாஸ்திமா. கொஞ்சம் கம்மி பண்ணக் கூடாதா?"

"கூடாது பாய்."

அவர் மீது எனக்கு அத்தனை பிரியம். அந்தக் கைகள் இன்னொரு முறை யார் முன்னும் அப்படி விரியக் கூடாது என்பதற்காகத்தான் சுவரைப் பார்த்து நின்றேன். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஓய்வு பெறும் நாளில் பாய் என் அறைக்கு வந்தார்.

"தெனம் காலைல உன்னத் திட்டிட்டுத்தான்மா வேலய ஆரம்பிச்சேன். பாஸ்வேர்டே அதான். இன்னான்னு சொல்லவா?"

கேட்டுவிட மனம் துடித்தது.

"வேணாம் பாய். உங்க கணக்க இன்னும் மூடல."

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சாயங்காலம் கணக்கை மூடிவிட்டுக் கீழே போனபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். கீபோர்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவர் தவறிப்போனார். மையத்து அடக்கத்துக்குப் போய் வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது புதிதாக வருகிறவர்களும் இருபது எழுத்தா என்று முகம் சுளிக்கிறார்கள். ஒரு எழுத்துகூட நான் குறைக்கவில்லை. யாராவது ரொம்பவும் முரண்டு பிடித்தால் இழுப்பறையைத் திறந்து, இதில் பாஸ்வேர்டைக் கண்டுபிடியுங்கள் என்று இந்தக் கீபோர்டைக் கொடுக்கிறேன். ஏறக்குறைய எல்லா விசைகளிலும் சாயம் ஏறியிருக்கிறது. அவர்கள் திருப்பிக் கொடுத்த பிறகு நானும் ஒரு தடவை பார்க்கிறேன். என்னை என்னவென்று திட்டினார் என்று ஒன்றும் தெரியவில்லை. நீளமாகத்தான் திட்டியிருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது.