கால் ஆம்பியர்

இதைப் படித்துவிட்டுக் கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். எனக்குக் கழன்றிருக்கலாம், மீட்டருக்குக் கழலாது. முப்பத்தோரு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறவன் நான். நடந்ததை நடந்தபடியே, மணியோடு எழுதுகிறேன்.

அத்தனை வருடமும் என் மனைவிதான் எனக்குக் கையாள். குழாய்க்குள் வயர் இழுக்கும்போது அந்த முனையில் அவள், இந்த முனையில் நான். நடுவே சுவர், கத்தினாலும் கேட்காது. அதனால் வயரை ஒரு தடவை சுண்டினால் ‘இழு’. இரண்டு தடவை என்றால் ‘போதும், விடு’. அவள் இடதுகைக்காரி. ஜாயின்ட் போட்டால் முறுக்கு இடப்பக்கமாகத்தான் போகும்.

“ஊரே ஒரு பக்கம் முறுக்கினா நீ ஒரு பக்கம் முறுக்குற” என்று சீண்டுவேன்.

“நான் முறுக்கினது என்னிக்காவது கழண்டிருக்கா?” என்பாள்.

ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவளுக்கு இருட்டென்றால் பயம். அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பேச்சுத் துணைக்கு எனக்கு டெஸ்டர்தான்.

போன மாதம் இருட்டில் தோட்டத்துப் படியில் தடுக்கி விழுந்தேன். மறுநாளே பன்னிரண்டு வோல்ட் விளக்கு ஏழு வாங்கி, ஆறைப் பாதையோரம் நட்டேன். ஒன்று பையில் மிச்சம். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது. தனியாக இருக்கிறவனுக்கு அதுதான் நல்லது. வயர் புதுசு, ஒரே துண்டு, நடுவே ஒரு ஜாயின்ட்கூடக் கிடையாது. விளக்கு ஒன்று கால் ஆம்பியர் கரன்ட் இழுக்கும், ஆறும் சேர்ந்து ஒன்றரை.

மகளுக்கு அது போதவில்லை. போனில் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் எத்தனை நாளைக்கு அந்த வீட்டையே கட்டிக்கிட்டு அழப் போறீங்க? ஞாயித்துக்கிழமை வர்றேன். மெயினை அணைச்சுட்டு என்கூடக் கிளம்புங்க.”

சரி என்றேன்.

வியாழக்கிழமை. மாலை 6.42. சென்சார் வைத்திருந்ததால் இருட்டியதும் விளக்குகள் தானாக எரிந்தன. 7.10-க்குக் கடைசி விளக்கு மங்கியது. வீட்டுக் கரன்ட்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியைத் திறந்து மீட்டரை மாட்டினேன். ஒன்றே முக்கால். ஏழு விளக்கு எரிகிற கணக்கு. மிச்சமிருந்த விளக்கு பையிலேயே இருந்தது.

7.18. ஆறையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தோட்டம் இருண்டது. மீட்டர் பூஜ்யத்துக்கு வர வேண்டும்.

கால் ஆம்பியர்.

எங்கேயோ ஒரு விளக்கு எரிகிறது...

புதைத்திருந்த வயரைத் தொட்டபடியே மண்ணைக் கையால் பறித்துக்கொண்டு போனேன். மூன்றாவது விளக்கைத் தாண்டி ஏதோ விரலில் தட்டியது. ஒரு ஜாயின்ட். நான் போடாத ஜாயின்ட். டேப்பைப் பிரித்து டார்ச் அடித்தேன்.

முறுக்கு இடப்பக்கம்.

அதிலிருந்து இன்னொரு வயர் கிளம்பியது. பக்கவாட்டில் இல்லை... நேராகக் கீழே.

பிடித்து இழுத்தேன். ஒரு சாண் வந்தது. நின்றது.

சர்ரக்... அடியில் மண் உரசியது.

பிறகு, அந்த முனையிலிருந்து...

ஒரு சுண்டு.

இன்னொரு சுண்டு.

விட்டுவிட்டேன்.

எப்படித் திரும்ப டேப் சுற்றினேன், எப்படி மண்ணை மூடினேன், தெரியாது. உள்ளே வந்து பார்த்தபோது மணி 7.31.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா... அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு, சவப்பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி, உங்க பையிலேர்ந்து ஒரு விளக்கை எடுத்து அம்மா கையில வச்சேன். இருட்டுன்னா பயப்படுவாங்களேன்னு. யார்கிட்டயும் சொல்லல.”

“எந்த விளக்கு?”

“சின்னது. பன்னெண்டு வோல்ட்.”

கல்லறை இங்கிருந்து நான்கு மைல்.

மெயினை அணைக்க அவளும் கை நீட்டவில்லை. நானும் கிளம்பவில்லை. தினமும் இருட்டியதும் ஆறு விளக்கையும் கழற்றிவிட்டு மீட்டரைப் பார்ப்பேன். கால் ஆம்பியர் காட்டும். அவள் இருட்டில் இல்லை என்ற நிம்மதியோடு படுப்பேன்.

நேற்று அரை ஆம்பியர் காட்டியது.

உள்ளே ஓடிப் பையைத் திறந்தேன். மிச்சமிருந்த அந்த ஒற்றை விளக்கைக் காணவில்லை.