பென்டிரைவைப் போட்டால் பேசுகிறவர்

டைப்பிங் அக்காவின் கடையில் பென்டிரைவைச் சொருகினால் ஓர் ஆண்குரல் அதட்டும்: "ஏம்மா, யாரோ உள்ள வர்றாங்க பாரு! முதல்ல ஸ்கேன் பண்ணு, அப்புறம் தெற!" புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் வெறும் சுவர்தான் இருக்கும். குரல் அக்காவின் வீட்டுக்காரருடையது. மனுஷன் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது.

கல்லூரிக்கு எதிரே அந்தக் கடையை இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். ஆய்வேடோ விண்ணப்பமோ, எது வந்தாலும் அக்கா டைப் அடிப்பாள். அவர் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, நடுநடுவே வாயும் அடிப்பார். என்ன காலம் அது! ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து பிழை திருத்திய காலம். அப்போதுதான் யாரோ கொண்டுவந்த பென்டிரைவில் 'வார்ம்' என்கிற வைரஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. சொருகினாலே போதும், தானாக ஊர்ந்து பரவுகிற வகை அது. கடைக்கு வந்தவர்களின் பென்டிரைவில் எல்லாம் ஏறி, ஃபோல்டர்களை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை நிறுத்தியது. "அந்தக் கடைக்குப் போனா வைரஸோடதான் வருவே" என்று பேச்சாகி, கடையின் பிழைப்பு சந்தி சிரித்துப்போனது.

அந்த வாரமே அவர் ஹெட்ஃபோன் மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு இந்த அதட்டலைப் பதிவு செய்தார். எதைச் சொருகினாலும் அது அலறும்படி வைத்தார். பதிவின் கடைசியில் அக்கா சிரிப்பதும் லேசாகக் கேட்கும்.

"உனக்குக் கை வேகம், கண்ணு சோம்பேறி" என்பார். பாடம் வேறு எடுப்பார். ட்ரோஜன் என்பது நல்லவன் வேஷம் போட்டு வருகிறவனாம், நாமே கதவைத் திறந்து உள்ளே விடுவோமாம். ஸ்பைவேர் என்பது நாம் அடிப்பதை எல்லாம் ஒட்டுக்கேட்டுப் போய் வெளியே வத்தி வைக்கிறதாம். "சரிங்க, சரிங்க" என்பாள் அக்கா, பாதி காதில் வாங்கியபடி.

அவர் போன பிறகு காலமும் மாறிவிட்டது. பென்டிரைவோடு யார் வருகிறார்கள்? எல்லாம் மெயிலில்தான். குரல் குறைந்துகொண்டே போனது. சனிக்கிழமை மட்டும் தவறாமல் கேட்கும். கடை வேலை அத்தனையையும் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒயரைக் கழற்றி, பீரோவில் வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. அக்கா ஒரு வாரம்கூட விட்டதில்லை. "என்ன பொறுப்பு!" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் மெச்சுவார்கள். பொறுப்பாவது மண்ணாவது! டிஸ்க்கைச் சொருகினால் அவர் பேசுவார், அதற்குத்தான்.

அப்படியிருக்க, ஒருநாள் காலையில் 'உங்கள் பார்சல் ரசீது' என்று ஒரு மெயில் வந்தது. அக்கா எந்தப் பார்சலுக்கும் சொல்லி வைக்கவில்லை. இருந்தும் கை முந்திக்கொண்டு அந்த ரசீதைத் திறந்துவிட்டது. ஆன்டிவைரஸோ அப்டேட் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்று தட்டிவிட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறப்போம் என்று திரை முழுக்க மிரட்டல்.

அக்கா கூப்பிட்டனுப்பிய கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்ததும் முதலில் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார்.

"ரான்சம்வேர்க்கா. காசு கட்டாதீங்க, கட்டினாலும் திறப்பான்னு என்ன நிச்சயம்? நகல் இருக்கா?"

"பீரோவுல இருக்கு."

"அட, பொழச்சீங்க! இதைச் சுத்தமா அழிச்சுட்டு, புதுசா எல்லாம் ஏத்திடறேன். சாயங்காலமே கடையைத் திறந்துடலாம்."

அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது.

"அழிக்காதப்பா."

"ஏன்க்கா, நகல்ல இல்லாதது எதாவது இருக்கா?"

"அவர் குரல்." கடை ஃபைல்களை வாராவாரம் நகல் எடுத்தவளுக்கு, அந்தக் குரலும் ஒரு ஃபைல்தான் என்று தோன்றியதே இல்லை.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அதையும் பூட்டியிருப்பானோ என்னவோ. சிஸ்டத்தோட சொந்த ஃபோல்டர்ல இருந்தா தப்பிச்சிருக்கும். கம்ப்யூட்டர் ஓடினாத்தானே நீங்க மிரட்டலைப் படிக்க முடியும், அதனால அங்க பெரும்பாலும் கைவைக்க மாட்டானுங்க. போட்டுத்தான் பாக்கணும். ஆனா உங்க டிஸ்க்கை மட்டும் இதுல சொருகிடாதீங்க, அதுவும் போயிடும்."

பையைத் துழாவி, போனால் போகட்டும் என்று ஒரு பழைய காலி பென்டிரைவை எடுத்தார். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொருகினார். ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. ஐயோ, போச்சே என்று அவள் கண்ணை மூடினாள்.

"ஏம்மா, யாரோ உள்ள வர்றாங்க பாரு!"

மெக்கானிக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. வீடே கொள்ளை போன பிறகு இந்த மனுஷன் வாசலில் நின்று அதட்டுகிறாரே! அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"பென்டிரைவுக்குத்தானே குரல் குடுத்தார். பாவம், மெயில்ல வருவான்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

மெக்கானிக் அந்த ஃபைலை மட்டும் பதமாக வெளியே எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் போட்டு ஸ்கேன் செய்தார். சுத்தமாக இருந்தது. பிறகு கடைக் கம்ப்யூட்டரை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, ஆன்டிவைரஸ் தானாகவே அப்டேட் ஆகும்படியும் வைத்தார். குரலைப் பழையபடி பென்டிரைவுக்கு வைக்கப் போனவரை அக்கா தடுத்தாள்.

"மெயில் வந்தாலும் பேசற மாதிரி வைப்பா."

"அக்கா, ஒருநாளைக்கு எத்தனை மெயில் வருது உங்களுக்கு! நாள் முழுக்கக் கத்திக்கிட்டே இருப்பாரே?"

"கத்தட்டும்" என்றாள் அக்கா. "உயிரோட இருந்தப்ப மட்டும் சும்மாவா இருந்தார்?"